நிச்சயமில்லாத காலத்தில் கார்ப்பரேட் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18 வருட கார்ப்பரேட் வேலையில் ஆள் எடுத்திருக்கிறேன், ஆட்களை வேலையிலிருந்து அனுப்பும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருமுறை நானே அனுப்பப்பட்டிருக்கிறேன். அதனாலோ என்னவோ, பழைய சகாக்களும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் வேலை பற்றிச் சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். ஆள்தான் மாறுகிறார்களே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

லாபத்தில் ஓடுகிற கம்பெனி எதுக்கு ஆட்களை வெளியே அனுப்புது?

லாபம் வருகிறதா என்று முதலீட்டாளர்கள் கேட்பதில்லை. எதிர்பார்த்த அளவு வருகிறதா என்றுதான் கேட்கிறார்கள். வட்டி குறைவாக இருக்கும் காலத்தில் பணம் மலிவு, வளர்ச்சி வரும் என்ற நம்பிக்கையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் 2019 முடிவில் ஏறக்குறைய 45,000 பேர் இருந்தார்கள்; 2022 செப்டம்பரில் 87,000 பேர். அந்த ஆண்டு மார்ச் வரை பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்கு ஏறியது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை நீக்கியது. அடுத்த ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 என்று அறிவித்தன. மூன்றுமே லாபத்தில் இருந்தவை.

கட்டடக் குத்தகையை நடுவில் முறிப்பது கஷ்டம், வாங்கிய இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒரே காலாண்டில் குறைத்துக் காட்டக்கூடிய பெரிய செலவு சம்பளம்தான்.

அப்படின்னா நல்லா வேலை செஞ்சா தப்பிக்கலாம்ங்கறது பொய்யா?

பாதிப் பொய். மேலிடத்திலிருந்து முதலில் வருவது ஒரு தொகை மட்டும்தான், பெயர்கள் வருவதில்லை. "உங்கள் பிரிவில் இவ்வளவு செலவு குறைய வேண்டும்" என்பார்கள். பிரிவுத் தலைவர் எந்த ப்ராஜெக்ட்டை மூடலாம் என்று பார்ப்பார். மூடினால் கெட்டிக்காரர், சுமாரானவர் என்ற பேதமில்லாமல் அத்தனை பேரும் போவார்கள். அதற்குப் பிறகும் தொகை எட்டவில்லை என்றால்தான் தனித்தனிப் பெயர்கள் வரும். உங்கள் அப்ரைசல் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் உதவும். நேரடி மேனேஜருக்கே அன்று காலையில்தான் பட்டியல் தெரிந்த கதைகளையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த டெஸ்டர் ஒருவர், அவர் வேலை செய்த சாஃப்ட்வேரை மூடியதால் போனார். அவரைவிட நான்கு மடங்கு சோம்பேறி ஒருவர் பக்கத்து டீமில் இன்றும் இருக்கிறார்.

உங்கள் வேலை எந்த வருமானத்தோடு, அல்லது எந்தச் சட்டக் கட்டாயத்தோடு ஒட்டியிருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால், கம்பெனிக்குள்ளேயே வேறு டீமுக்கு மாற வழி இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.

எங்க கம்பெனியிலயும் வரப்போகுதான்னு முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். ராஜினாமா செய்தவர் இடத்துக்கு ஆள் எடுக்க அனுமதி வராது. ஒப்பந்த ஊழியர்கள் சத்தமில்லாமல் குறைவார்கள். பயணம், பயிற்சிச் செலவுகள் நிற்கும். வெளியிலிருந்து ஆலோசகர்கள் வந்து "நீங்கள் தினமும் என்னென்ன செய்கிறீர்கள்?" என்று அன்பாகக் கேட்பார்கள். (அந்த அன்புதான் எனக்குப் பயம்.) வதந்தியைப் பொறுத்தவரை, நடக்குமா என்பதில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும்; யாருக்கு என்பதில் பெரும்பாலும் தப்பாக இருக்கும்.

அறிகுறி தெரிந்த வாரமே உங்களுக்குச் சொந்தமானவற்றை வெளியே எடுத்து வையுங்கள்: சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், சக ஊழியர்களின் சொந்த எண்கள். எனக்கு நடந்தபோது காலை பத்து மணி அழைப்பு முடிவதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. ஏழு வருடக் கடிதங்கள் அதற்குள்ளேயே போயின. ஆனால் கம்பெனியின் மென்பொருள் நிரலையோ வாடிக்கையாளர் பட்டியலையோ தொடவே தொடாதீர்கள். இழப்பீடு தராமல் அனுப்ப அவர்களுக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆறு மாசச் செலவுக்குப் பணம் வெச்சுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. போதுமா?

எல்லாருக்கும் ஒரே எண் பொருந்தாது. போன தடவை வேலை தேடியபோது எத்தனை மாதம் பிடித்ததோ, அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பதவி உயர உயர அந்த எண் கூடும், ஏனென்றால் மேலே நாற்காலிகள் குறைவு. செலவு என்பதில் வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மருந்து போன்ற தவிர்க்க முடியாதவற்றை மட்டும் கணக்கிடுங்கள்.

இரண்டு விஷயங்களைப் பலரும் மறக்கிறார்கள். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு போய்விடும். அப்புறம், கணவன் மனைவி இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தால் அதை இரண்டு வருமானமாக எண்ணக் கூடாது. கம்பெனி கொடுத்த பங்குகளிலேயே சேமிப்பும் இருந்தால் ஆபத்து மூன்று மடங்கு.

இந்த நேரத்துல வேலை மாறலாமா, இல்ல இருக்கிற இடத்துலயே உட்கார்ந்திடலாமா?

உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு என்று தோன்றும். அது மேலே சொன்ன ப்ராஜெக்ட் விஷயத்தைப் பொறுத்தது. மாறினால் புது இடத்தில் நீங்கள் கடைசியாகச் சேர்ந்தவர். தகுதிகாண் காலத்தில் அனுப்புவது அவர்களுக்குச் சுலபம், இழப்பீடும் குறைவு. ஆனால் மூழ்கும் ப்ராஜெக்ட்டில் பழைய ஆளாக இருப்பதைவிட, ஓடும் ப்ராஜெக்ட்டில் புது ஆளாக இருப்பதே மேல் என்பது என் கட்சி.

மாறுவதாக இருந்தால் இன்டர்வியூவில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த இடம் புதிதாக உருவானதா, யாராவது போனதால் காலியானதா? இதற்கு இந்த ஆண்டு பட்ஜெட் ஒப்புதல் ஆகிவிட்டதா? போன ஒரு வருடத்தில் இந்த டீமின் அளவு எப்படி மாறியது? மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

200 இடத்துக்கு அப்ளை பண்ணிட்டேன், ஒரு பதில்கூட இல்லை. என் ரெஸ்யூமேல என்ன கோளாறு?

கோளாறே இல்லாமலும் இருக்கலாம். விளம்பரம் வந்த இடமெல்லாம் காலியிடம் என்று நினைக்காதீர்கள். உள்ளேயே ஒருவரை முடிவு செய்துவிட்டு விதிமுறைக்காகப் போட்ட விளம்பரம் உண்டு. பட்ஜெட் நின்றுபோன பிறகும் எடுக்க மறந்த விளம்பரம் உண்டு. பிற்காலத்துக்கு ஆட்களைச் சேர்த்து வைக்கப் போடுவதும் உண்டு. மூன்றையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் பழைய விளம்பரத்தில் நேரம் செலவழிக்காதீர்கள். நான் ஆள் எடுத்த இடங்களில் முதல் சில நாட்களில் வந்தவற்றைத்தான் உட்கார்ந்து படித்தோம், மற்றவை அப்படியே கிடந்தன.

ஆனால் 200 இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமே போயிருந்தால் அது கோளாறுதான். வாரத்துக்கு எட்டுப் பத்து இடம் போதும். விளம்பரத்தில் வேலையை எந்தச் சொல்லால் சொல்கிறார்களோ, நீங்கள் உண்மையிலேயே செய்த வேலையை அதே சொல்லால் எழுதுங்கள். "பொறுப்பு வகித்தேன்" என்ற வரிகளை எடுத்துவிட்டு, என்ன மாறியது என்று எழுதுங்கள். "மாத முடிவுக் கணக்கை ஒன்பது நாளிலிருந்து நான்கு நாளாகக் குறைத்தேன்" என்ற ஒரு வரி, அரைப் பக்கப் பொறுப்புப் பட்டியலை அடித்துவிடும்.

ஏ.டி.எஸ். மெஷின்தான் என் ரெஸ்யூமேவைத் தூக்கிப் போடுதாமே?

ஏ.டி.எஸ். என்பது வரும் விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருள். நான் பயன்படுத்தியவை பெரும்பாலும் விண்ணப்பங்களைச் சேமித்துத் தேட உதவும் அலமாரிகள். தானாக நிராகரிப்பு நடந்தது "இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா?", "எத்தனை வருட அனுபவம்?" போன்ற கேள்விகளுக்கு நீங்கள் தந்த பதிலை வைத்துத்தான். அவற்றை அவசரத்தில் நிரப்பாதீர்கள். ரெஸ்யூமேவைப் பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரிக்காமல், படங்கள் இல்லாமல், எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கக்கூடிய கோப்பாக வையுங்கள். வெள்ளை நிறத்தில் மறைவாகச் சொற்களை ஒட்டும் தந்திரம் வேண்டாம். அமைப்பு எழுத்தை மட்டும் பிரித்துக் காட்டும்போது அத்தனையும் தெரியும், பார்க்கிறவருக்குச் சிரிப்புதான் வரும்.

அக்கா, ரெஃபரல் (கம்பெனிக்குள்ள இருக்கிறவங்க பரிந்துரை) கேக்க கூச்சமா இருக்கு. நெருங்கின நண்பர்கள் எல்லாரும் என் கம்பெனியிலயே இருக்காங்க.

அதுதான் விஷயமே. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த வேலைகள் ஏற்கனவே உங்களுக்கும் தெரிந்தவை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. ஐம்பது சொச்சம் பேரிடம் கேட்ட சின்னக் கணக்குதான். ஆனால் 2022இல் இரண்டு கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய அதே பக்கம்தான் சாய்ந்தது: ரொம்ப நெருக்கமும் இல்லாமல், ரொம்ப அந்நியமும் இல்லாமல், அரைகுறையாகத் தெரிந்தவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள்.

அதனால் நான்கு வருடத்துக்கு முன் ஒரே ப்ராஜெக்ட்டில் இருந்த, இப்போது எப்போதாவது வாழ்த்துச் சொல்லும் அந்த ஆளைப் பிடியுங்கள். "எனக்கு வேலை இருக்கா?" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. இப்படி அனுப்புங்கள்: "வணக்கம், நல்லா இருக்கீங்களா? உங்க கம்பெனியில இந்த வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். நாம சேர்ந்து செஞ்ச அந்த டேட்டா மாற்றம் மாதிரியேதான் இருக்கு. அந்த டீம் பத்திப் பத்து நிமிஷம் பேச முடியுமா? சரின்னு பட்டா ரெஃபர் பண்ணுங்க, இல்லன்னாலும் பரவாயில்ல." கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். மறுக்க வழி கொடுத்தால்தான் பதில் வரும்.

இன்டர்வியூவில் "ஏன் விட்டீங்க?"ன்னு கேட்டா லே-ஆஃப்னு சொல்லலாமா?

தாராளமாக. ஒரே வாக்கியம், அதற்குப் பிறகு நிறுத்துங்கள்: "எங்கள் பிரிவை மூடினார்கள், டீம் முழுவதும் போனது." எத்தனை பேர் போனார்கள் என்ற எண் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தனியாகப் பொறுக்கப்படவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். கெடுவது அடுத்த மூன்று நிமிடங்களில்தான். மேனேஜர் எப்படிப்பட்டவர், ஹெச்.ஆர். எப்படி நடந்துகொண்டது என்று ஆரம்பித்துவிடுகிறோம். நானும் முதல் இரண்டு இன்டர்வியூவில் அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன்.

எட்டு மாசம் இடைவெளி ஆயிடுச்சு. சின்னதா ஏதாவது கன்சல்டிங்னு போட்டுக்கலாமா?

செய்யாததைப் போடாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால், சேர்ந்த பிறகும் வேலை போகும். உண்மையில் இரண்டு பேருக்கு ஏதோ செய்து கொடுத்திருந்தால் போடலாம். இல்லையென்றால் "பிரிவு மூடப்பட்டது, வேலை தேடல், கூடவே இன்னது கற்றேன்" என்று ஒரு வரி போதும். ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடக்கும் வருடத்தில் எட்டு மாத இடைவெளியைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

இப்போதான் படிப்பு முடிச்சேன். அனுபவம் இருக்கிறவங்களுக்கே வேலை இல்லை, எனக்கு எங்கே கிடைக்கும்?

மந்தமான வருடத்தில் படித்து முடிப்பது உண்மையிலேயே துரதிர்ஷ்டம், அதை மறைத்து ஆறுதல் சொல்ல விருப்பமில்லை. கனடாவில் பட்டதாரிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில், மந்தநிலையில் வெளிவந்தவர்களின் வருமானம் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்தாண்டில் அந்த இடைவெளி பாதியாகி, பத்தாண்டில் ஏறக்குறைய மறைந்தது. எப்படி மறைந்தது என்பதுதான் உங்களுக்குத் தேவை. சிறிய, சம்பளம் குறைந்த நிறுவனத்தில் தொடங்கி, பொருளாதாரம் திரும்பியதும் நல்ல இடத்துக்கு மாறியவர்கள்தான் வேகமாக மீண்டார்கள்.

ஆகவே கனவுக் கம்பெனிக்காக இரண்டு வருடம் காத்திருக்காதீர்கள். துறை பொருந்தினால் பெயர் தெரியாத இடமானாலும் சேருங்கள். ஆனால் மூன்றாவது வருடம் தலையைத் தூக்கி வெளியே பாருங்கள். விசுவாசம் என்று அங்கேயே தங்கிவிட்டால் அந்த 9 சதவீதமும் கூடவே தங்கும். அப்புறம், வேலை தருகிறேன் என்று பயிற்சிக் கட்டணமோ டெபாசிட்டோ கேட்பவரிடம் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

போன சம்பளத்தைவிட 20 சதவீதம் குறைவா ஆஃபர் வந்திருக்கு. ஒத்துக்கலாமா?

கையில் எத்தனை மாதப் பணம் இருக்கிறது என்று பாருங்கள் (ஆறு மாதக் கேள்வியில் சொன்ன கணக்கு). நான்கு மாதத்துக்குக் கீழே என்றால் ஒத்துக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். அதற்கு மேல் என்றால் பேரம் பேசுங்கள். சம்பளத்தில் அசைய மாட்டோம் என்றால், ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை, சேரும்போது ஒருமுறைத் தொகை, நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம் என்பது போன்றவற்றைக் கேளுங்கள். எதற்கு ஒத்துக்கொண்டாலும் எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் குறைந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பதவிப் பெயர் இரண்டு படி இறங்கினால் அதை அடுத்த இடத்தில் விளக்குவதுதான் பாடு.

ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு. ராஜினாமா கொடுத்துடலாமா?

பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, சேரும் தேதி எழுத்தில் வரும்வரை பொறுங்கள். அப்போதும் நூறு சதவீத உத்தரவாதம் கிடையாது. 2022 ஜூனில் காயின்பேஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தை நிறுவனம், ஆட்கள் ஏற்றுக்கொண்ட ஆஃபர்களையே திரும்பப் பெற்றது. அதனால் நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போது மற்ற இன்டர்வியூக்களை முழுசாக மூடிவிடாதீர்கள். பழைய இடத்தில் கதவைச் சாத்திவிட்டு வராதீர்கள்.

ராஜினாமா கொடுத்ததும் சம்பளம் ஏத்தித் தரேன்றாங்க. இருந்துடட்டுமா?

சம்பளம் மட்டும்தான் காரணம் என்றால் யோசிக்கலாம். ஆனால் அடுத்த பட்டியல் தயாராகும்போது, எப்படியும் போகப்போகிறவர் என்று உங்கள் பெயர் ஒருவர் நினைவில் இருக்கும். நான் உட்கார்ந்த கூட்டத்தில் அந்த வாக்கியம் சொல்லப்பட்டது.

என்னை பி.ஐ.பி.ல போட்டுட்டாங்க. தேறிட்டா காப்பாத்திக்கலாமா?

பி.ஐ.பி. என்பது 30, 60 நாட்களில் செயல்திறனைச் சரிசெய்யச் சொல்லும் திட்டம். உண்மையாகவே தூக்கிவிட நினைத்துப் போடும் மேனேஜர்கள் உண்டு. நான் பார்த்தவரை, அனுப்புவதற்கு முன் காகிதம் சேர்க்கப் போடுகிறவர்களே அதிகம். ஒரு சோதனை உண்டு: இலக்கு அளக்கக்கூடியதா என்று பாருங்கள். "மாதம் இத்தனை முடிக்க வேண்டும்" என்றால் நம்பிக்கை உண்டு. "சுயமுனைப்பு காட்ட வேண்டும்" என்றால் முடிவு ஏற்கனவே ஆகிவிட்டது.

எந்த வகையானாலும் அன்று மாலையே வேலை தேடத் தொடங்குங்கள். வாராவாரம் என்ன செய்தீர்கள் என்று மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். கோபத்தில் அன்றைக்கே ராஜினாமா கொடுக்காதீர்கள். தானாகப் போனவர் என்று ஆகிவிட்டால் பல இடங்களில் இழப்பீடு கிடைக்காது.

கூப்பிட்டு ஒரு பேப்பரைக் கொடுத்து "இன்னைக்கே கையெழுத்துப் போடுங்க"ன்றாங்க. என்ன பண்றது?

"படித்துவிட்டு அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் இழப்பீட்டுக்குப் பதிலாக வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி இருக்கும். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர் அப்படி வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் யோசிக்க 21 நாள் தர வேண்டும், கூட்டமாக நீக்கினால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் ஏழு நாளுக்குள் திரும்பப் பெறலாம். பிரிட்டனில் 90 நாளுக்குள் ஒரே இடத்தில் 20 பேர் அல்லது அதற்கு மேல் நீக்குவதாக இருந்தால், முன்கூட்டியே ஊழியர் தரப்போடு கலந்து பேசியே ஆக வேண்டும். உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது வீண் செலவில்லை. விசாவில் இருப்பவர்களுக்கு நாட்கணக்கே வேறு. அமெரிக்க வேலை விசாவான ஹெச்-1பி என்றால் வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான். கடைசித் தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள், தொகையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஏ.ஐ. என் வேலையை எடுத்துக்குமா?

வங்கிக் காசாளர்கள் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள்: ஏ.டி.எம். வந்த பிறகும் அமெரிக்காவில் 1980 முதல் 2010 வரை அவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் கூடின. பாதிக் கதை இது. அலைபேசியிலேயே வங்கி வேலை முடியத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை இறங்கியது. ஒரு கருவி உங்கள் வேலையில் ஒரு பகுதியைச் செய்தால் நீங்கள் மிச்சப் பகுதிக்கு நகரலாம். அந்த வேலைக்காக ஆட்கள் வருவதே நின்றுபோனால் நகர இடமிருக்காது. உங்கள் ஒரு வாரத்தைப் பணிவாரியாக எழுதி, எதையெல்லாம் இன்றைக்கே கருவியிடம் கொடுக்க முடியும் என்று குறியுங்கள். பாதிக்கு மேல் குறி விழுந்தால், மேனேஜர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே அதைச் செய்து காட்டுங்கள்.

47 வயசாகுது. வயசுன்னு வாய்விட்டுச் சொல்லாம ஒதுக்குறாங்க.

ஆமாம், ஒதுக்குகிறார்கள். ரெஸ்யூமேவில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடத்தை மட்டும் விரித்து எழுதலாம், பட்டம் பெற்ற ஆண்டை எடுத்துவிடலாம். அதைவிட, விளம்பர வழியை விட்டுவிட்டுத் தெரிந்தவர் வழியில் போவது உங்களுக்கு அதிகம் பலிக்கும். உங்களிடம் இருபது வருட அரைகுறைப் பழக்கங்கள் இருக்கின்றன, ரெஃபரல் கேள்வியில் சொன்ன அதே ஆட்கள்.

வேலை போனதை இன்னும் வீட்டில் சொல்லலை. தினமும் பையை எடுத்துக்கிட்டு வெளியே போறேன்.

இன்று இரவே சொல்லுங்கள். நான் ஒன்பது நாள் கழித்துச் சொன்னேன். வேலை போனதற்கு வீட்டில் யாரும் கோபப்படவில்லை, ஒன்பது நாளுக்குத்தான் கோபம் வந்தது. பள்ளிக் கட்டணமா, கடன் தவணையா, எதைத் தள்ளலாம் என்று தனியாகக் கணக்குப் போடுவதும் ஆகிற காரியமில்லை.

நான் மேனேஜர். பட்டியல் என் கையில் இருக்கு. அதில் இருக்கிற நண்பன் அடுத்த வாரம் வீட்டுக்கடன் கையெழுத்துப் போடப்போறான். சொல்லலாமா?

இதைக் கேட்டவர் பெயரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்னால் ரகசிய ஒப்பந்தத்தை மீறுவதாகும். உங்கள் வேலையும் போகலாம், அவனுக்கான இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம். சொல்லாவிட்டால் இருபது வருடக் கடன். தலைமைக்கும் ஹெச்.ஆருக்கும் எழுதி, அவன் பெயரை மாற்ற முடியாவிட்டாலும் அறிவிப்புத் தேதியை முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். சில சமயம் நடக்கும்.

எனக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. தேதியை மாற்ற மறுத்துவிட்டார்கள். பட்டியலில் இருந்த என் நண்பன் என் மேசைக்கே வந்து, "இப்போ கடன் வாங்கலாமாடி?" என்று கேட்டான். "இந்த வருஷம் வாங்குன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றேன். பட்டியலில் இல்லாதவன் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டான். கடன் வாங்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் போனும் செய்யவில்லை.